ஒரு நாடு வணிகக் கூட்டமைப்பை விட்டு விலகினால் நம் கணக்கில் என்ன மாறும்: செட்டிநாட்டு ஏற்றுமதியாளருக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி வட்டாரத்திலிருந்து ஆத்தங்குடி டைல்ஸும், கண்டாங்கிச் சேலையும், பனையோலைக் கொட்டானும், முறுக்கு, சீப்புச் சீடை முதலிய பலகாரங்களும் கடல் கடந்து போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை வாங்குகிற நாடு, தான் சேர்ந்திருந்த வணிகக் கூட்டமைப்பை விட்டு விலகப்போகிறது என்று செய்தி வந்தால், இங்கிருந்து அனுப்புகிறவர் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு எளிதில் வந்துவிடுகிறார். நாம் அந்தக் கூட்டமைப்பில் இல்லையே, நமக்கு என்ன என்பது ஒன்று. இனி அந்த ஊர் வியாபாரம் அவ்வளவுதான் என்பது மற்றொன்று. இரண்டுமே கணக்குப் போடாமல் வருகிற முடிவுகள். போட்டுப் பார்த்தால், விலகுகிற நாட்டுக்கு உண்டாகும் இழப்பு எவ்வளவு, அதில் நம் பங்கு எவ்வளவு, நமக்கு ஏதேனும் வாய்ப்புத் திறக்கிறதா என்பதை ஓரளவு நிதானமாகச் சொல்ல முடியும். அதற்கான முறையைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரை. பொருளியல் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இது பயன்படும் என்றாலும், சரக்குப் பெட்டி அனுப்புகிறவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலிலேயே மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. விலகல் என்பது ஒரே நாளில் நடந்து முடிகிற செயலன்று. கூட்டமைப்பில் இருக்கும் நாட்டுக்குத் தீர்வை (இறக்குமதி வரி), எல்லைச் சோதனை, தர விதி, நாணயம், ஆட்கள் போக்குவரத்து, முதலீடு எனப் பல பிணைப்புகள் இருக்கின்றன. அவை வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு அளவில் அறுகின்றன, சில அறுவதே இல்லை. ஆகவே பேரேட்டில் ஒவ்வொரு பிணைப்புக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றும் என்றைக்கு மாறுகிறது, யாருக்குப் பற்று, யாருக்கு வரவு என்று எழுதத் தொடங்குங்கள். மொத்தமாக "விலகலால் லாபமா நட்டமா" என்று கேட்பதை விட இது பயனுள்ள தொடக்கம்.

எந்த வகைக் கூட்டமைப்பு என்று பாருங்கள்

எல்லாக் கூட்டமைப்பும் ஒன்றல்ல. தடையிலா வணிகப் பகுதியில் உறுப்பு நாடுகள் தங்களுக்குள் தீர்வையை நீக்கிக்கொள்கின்றன. வெளியாருக்கு அவரவர் விருப்பப்படி தீர்வை விதிக்கின்றன. சுங்க ஒன்றியத்தில் வெளியாருக்கான தீர்வையும் பொதுவானது. ஆகவே ஒரு துறைமுகத்தில் தீர்வை கட்டிய சரக்கு உள்ளே எங்கும் போகலாம். ஒற்றைச் சந்தையில் இதற்கு மேலும் சென்று, தர விதிகள், சேவைகள், மூலதனம், வேலைக்குப் போகும் உரிமை ஆகியவற்றையும் பொதுவாக்கிக்கொள்கின்றனர். பிரிட்டன் விட்டு வந்த ஐரோப்பிய ஒன்றியம் சுங்க ஒன்றியமாகவும் ஒற்றைச் சந்தையாகவும் இருப்பது. அதனால்தான் அங்கே அறுந்த பிணைப்புகள் அத்தனை. ஆனால் பிரிட்டன் யூரோ நாணயத்தில் ஒருபோதும் சேரவில்லை என்பதால் நாணயப் பக்கத்தில் அறுப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. இதற்கு நேர்மாறாக, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பிலிருந்து மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்றும் 2025 ஜனவரி 29 அன்று முறைப்படி விலகின, ஆயினும் சி.எஃப்.ஏ. ஃபிராங்க் நாணயத்தைப் பகிரும் இன்னொரு ஒன்றியத்தில் அவை நீடிக்கின்றன. விலகல் என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி வேறு வேறு நிலைகள் அடங்கியிருப்பதால், எதை விட்டார்கள், எதை விடவில்லை என்று எழுதிக்கொள்வதே முதற்பணி.

விலகிய பின் என்ன ஒப்பந்தம் கிடைத்தது என்பதும் இதே பக்கத்தில் வர வேண்டும். மீன்பிடி உரிமைக்காக ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை விட்டுக் கிரீன்லாந்து 1985 பிப்ரவரி 1 அன்று வெளியேறியது. ஆனால் தன் கடலில் ஐரோப்பியப் படகுகளுக்கு இடம் தரும் உடன்பாட்டின் பேரில், தன் மீனைத் தீர்வையின்றி அங்கே விற்கும் உரிமையைத் தக்க வைத்துக்கொண்டது. முதன்மை ஏற்றுமதிக்கு வாசல் மூடாத விலகல் அது. பிரிட்டனுக்குக் கிடைத்த ஒப்பந்தமும் தீர்வையைப் பொறுத்தவரை தாராளமானதே; மற்றவற்றில் அப்படியன்று.

தேதிகளை வரிசைப்படுத்துங்கள்

பிரிட்டனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் 51.9% பேர் விலக வாக்களித்தனர். உறுப்பினர் நிலை முடிந்தது 2020 ஜனவரி 31. அதன் பிறகும் அந்த ஆண்டு முழுதும் பழைய விதிகளே நடைமுறையில் இருந்தன. சுங்க எல்லை உண்மையில் முளைத்தது 2021 ஜனவரி 1 அன்றுதான். அன்றிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டிஷ் சரக்கை முழுமையாகச் சோதித்தது. பிரிட்டனோ தன் பக்கத்துச் சோதனைகளைப் பலமுறை தள்ளி வைத்து, உணவுப் பொருள்களுக்கான சான்றிதழ் முறையை 2024 ஜனவரி இறுதியிலும் நேரடிச் சோதனையை ஏப்ரல் இறுதியிலுமாகத் தொடங்கியது. வாக்கெடுப்பிலிருந்து இது ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். இதில் எந்த நாளை "விலகிய நாள்" என்று கொண்டு முன்னும் பின்னும் ஒப்பிடுவது? நாணயத்துக்கு 2016, தீர்வைக்கும் காகிதங்களுக்கும் 2021, உணவு இறக்குமதிச் சோதனைக்கு 2024 என்று பக்கத்துக்குப் பக்கம் விடை வேறுபடும்.

பர்மாவில் கடன் கொடுத்துத் தொழில் நடத்திய செட்டிநாட்டாருக்கு இது புதிய பாடமன்று. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து தனி ஆட்சிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டபோது, அதுவரை ஒரே சுங்க எல்லைக்குள் இருந்த இரண்டு நிலப்பகுதிகள் தனித்தனியாயின. ஆயினும் அன்றே தீர்வைச் சுவர் எழவில்லை. முதல் சில ஆண்டுகள் சரக்குப் போக்குவரத்து பழையபடியே தொடர வகை செய்யப்பட்டிருந்தது. ஆட்கள் போய்வருவதைக் கட்டுப்படுத்தும் குடிவரவு உடன்பாடு 1941இல் வந்தது. நாணயப் பிணைப்போ இன்னும் நீண்டது: போர்க்கால இடைவெளி நீங்கலாக, 1947 வரை பர்மாவின் நாணயப் பொறுப்பை இந்திய ரிசர்வ் வங்கியே வகித்தது. நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டம் 1948இல் வந்தது. பிரிவினை ஆண்டு என்று 1937ஐ மட்டும் குறித்துக்கொண்டு இந்த வரலாற்றைப் படிக்கிறவருக்கு, எது எதனால் நேர்ந்தது என்பதே பிடிபடாது. பர்மாவைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்கிறேன்.

நம் சரக்கின் தீர்வையைக் கண்டுபிடிப்பது

இப்போது நாட்டை விட்டு நம் பெட்டிக்கு வருவோம். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் வகையைக் காட்டும் எச்.எஸ். குறியீடு என்ற சுங்க எண் உண்டு, அதன் முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் ஒன்றே, அதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறும். நம் ஏற்றுமதிப் பட்டியலில் இருக்கும் எட்டு இலக்கக் குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்களை எடுத்துக்கொண்டு, வாங்கும் நாட்டின் அரசு வெளியிடும் தீர்வை அட்டவணையில் தேடுங்கள். இங்கே கவனம் தேவை. ஆத்தங்குடி டைல் பார்ப்பதற்குப் பீங்கான் டைல் போலத் தோன்றினாலும் சூளையில் சுட்டதன்று. கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை மெல்ல உயர்த்தி எடுத்து, மேலே மணலும் சிமென்டும் கலந்த உலர் கலவையைத் தூவி, பின்பு கெட்டிக் கலவையால் நிரப்பி, தொட்டித் தண்ணீரில் ஊற வைத்துக் காய வைக்கிற கல் அது. கண்ணாடியின் வழவழப்பே அதன் பளபளப்பு. ஆகவே அது பீங்கான் டைல்ஸுக்கான 6907இல் சேராது. சிமென்ட் பொருள்களுக்கான 6810இல் சேரும். தவறான தலைப்பில் தேடினால் தவறான தீர்வை கிடைக்கும், கணக்கு முழுவதும் பிசகும்.

விலகும் நாடு சுங்க ஒன்றியத்திலிருந்து வெளியேறியிருந்தால், வெளியாருக்கான தீர்வை அட்டவணையையும் புதிதாக எழுதும். பிரிட்டன் 2021 முதல் அப்படி எழுதியபோது, 2 சதவீதத்துக்கும் குறைவான சில்லறைத் தீர்வைகளை நீக்கியது, வேறு பலவற்றை முழு எண்ணாகக் குறைத்தது. ஆனால் ஆடைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த 12% உச்ச அளவைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டது. வங்கதேசம் போன்ற மிகப் பின்தங்கிய நாடுகளுக்குத் தீர்வை இல்லை என்ற சலுகையையும் தொடர்ந்தது. இந்திய ஆடை அனுப்புகிறவருக்கு இதன் பொருள், பிரிட்டன் விலகியதால் மட்டும் போட்டியாளரோடு உள்ள இடைவெளி குறையவில்லை என்பதே. அந்த இடைவெளியை மூட வேண்டியது இருநாட்டு ஒப்பந்தம். அதைப் பின்னால் பார்ப்போம்.

தீர்வை விகிதம் கிடைத்ததும் அது நம் சரக்கின் விலையில் எத்தனை பங்கு என்று பாருங்கள். டைல் கனமானது, அதன் விலையோடு ஒப்பிட்டால் கப்பல் கூலியும் உடைசல் இழப்பும் பெரியவை. அங்கே தீர்வை இரண்டு சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறாது. எல்லையில் பெட்டி பத்து நாள் நின்றால் ஆகும் துறைமுக வாடகை மாற்றிவிடும். சேலைக்கு எடை குறைவு, விலை அதிகம். அங்கே தீர்வைதான் பேசும். ஆகவே ஒரே விலகல், ஒரே ஊரிலிருந்து போகும் இரண்டு சரக்குகளை இரண்டு விதமாகத் தொடும்.

கிட்டங்கி எந்த நாட்டில் இருக்கிறது

நம்மைப் போன்ற வெளியாருக்கு விலகலால் ஏற்படும் பெரிய பாதிப்பு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பலரும் இதைக் கவனிக்காமல் விடுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சிறிய ஏற்றுமதியாளர் எவரும் டப்ளினுக்கும் பாரிசுக்கும் பெர்லினுக்கும் தனித்தனிப் பெட்டி அனுப்புவதில்லை. லண்டனில் ஒரு மொத்த வியாபாரிக்கு அனுப்புவார். அவர் தம் கிட்டங்கியில் இறக்கி, அங்கிருந்து அயர்லாந்துத் தமிழ்க் கடைகளுக்கும், பாரிசின் லா ஷபெல் பகுதிக் கடைகளுக்கும் பிரித்து அனுப்புவார். பிரிட்டன் சுங்க ஒன்றியத்தில் இருந்தவரை இதில் சிக்கல் இல்லை. பிரிட்டிஷ் துறைமுகத்தில் ஒருமுறை தீர்வை கட்டினால் போதும்.

2021 முதல் நிலைமை வேறு. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தீர்வை இல்லை என்று சொல்லப்படுவது உண்மைதான். ஆனால் அது பிரிட்டனில் விளைந்த அல்லது உருவான பொருள்களுக்கு மட்டுமே. இந்தியாவில் சுட்ட முறுக்கை லண்டனில் வேறு பையில் அடைத்து முத்திரை ஒட்டினால் அது பிரிட்டிஷ் பொருளாகிவிடாது. அது டப்ளினுக்குப் போகும்போது, வெளிநாட்டுச் சரக்காக மீண்டும் தீர்வை கட்ட வேண்டும்.

கணக்குக்காக ஓர் எண்ணிக்கையை வைத்துப் பார்ப்போம், விகிதங்கள் கற்பனையானவை. லண்டன் சேர்ந்த சரக்கின் மதிப்பு ரூ.10 லட்சம், தீர்வை இரு பக்கமும் 8% என்று கொள்வோம். முன்பு கட்டியது ரூ.80,000 மட்டும். இப்போது சரக்கில் பாதி டப்ளினுக்குப் போகிறது. லண்டன் வியாபாரியின் கூலியும் லாபமும் சேர்ந்து அந்தப் பாதியின் மதிப்பு ரூ.6 லட்சமாகியிருக்கிறது. அதற்கு 8%, அதாவது ரூ.48,000. மொத்தம் ரூ.1,28,000. தீர்வை அட்டவணையில் ஓர் எழுத்தும் மாறாமலே, சரக்கின் மேல் விழும் சுமை 8 சதவீதத்திலிருந்து 12.8 சதவீதமாகிவிட்டது. இதோடு ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு சுங்க அறிவிப்பு, அதை நிரப்பும் முகவருக்குக் கூலி, சுங்கத்தில் வணிகரை அடையாளம் காட்டும் ஈ.ஓ.ஆர்.ஐ. பதிவு எண் ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தனியாக ஒன்று ஆகியவையும் உண்டு.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் இருக்கின்றன. லண்டனில் தீர்வை கட்டாமல் சுங்கக் காப்புக் கிட்டங்கியில் வைத்து, ஐரோப்பாவுக்குப் போகும் பகுதியை, பிரிட்டனில் தீர்வை கட்டாமலே சுங்க அனுமதியோடு எல்லை கடக்கும் முறையில் அப்படியே அனுப்பலாம். அல்லது தொடக்கத்திலேயே சரக்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை நேரே ராட்டர்டாம் போன்ற துறைமுகத்துக்கு அனுப்பலாம். அல்லது அயர்லாந்து, பிரான்ஸ் வாடிக்கையாளரை விட்டுவிடலாம். முதல் வழி அளவில் பெரிய வியாபாரிக்கே கட்டுபடியாகும். இரண்டாவதற்குக் குறைந்தபட்சச் சரக்கு அளவு வேண்டும். தனியாக ஒரு பெட்டி நிரப்ப முடியாதவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒரே பெட்டியில் பங்கு போட்டு அனுப்புவது நல்லது என்பது என் கருத்து. மூன்றாவது வழியைத்தான் பலரும் அறியாமலே எடுத்துவிடுகிறார்கள்.

அயர்லாந்தே இப்படி வழியை மாற்றிக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். முன்பு ஐரியச் சரக்கு வண்டிகள் பெரும்பாலும் பிரிட்டன் வழியாகவே பிரான்சுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2021 ஜனவரியில் அயர்லாந்தின் ராஸ்லேரிலிருந்து பிரான்சின் டன்கர்க்குக்கு நேரடிக் கப்பல் தொடங்கியது. பயண நேரம் கூடுதலானாலும் இரண்டு எல்லைகளின் காகிதங்கள் மிச்சமாயின. 

தர விதிகளும் பதிவுகளும்

விலகிய நாட்டின் விதிகள் முதல் நாளில் பழைய கூட்டமைப்பின் விதிகளை ஒத்தே இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல விலகும். கண்டாங்கிச் சேலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. அது இந்திய எல்லைக்குள் செல்லும் பாதுகாப்பு. வெளிநாட்டில் தனியே பெற வேண்டும். பிரிட்டன் 2021இல் தனக்கென்று தொடங்கிய புவிசார் பதிவேடு உணவு, பானம், வேளாண் பொருள்களுக்கானது. ஐரோப்பிய ஒன்றியமோ அதன் பிறகு ஒரு புதிய சட்டம் இயற்றி, கைவினை, தொழில் பொருள்களுக்கும் 2025 டிசம்பர் முதல் இந்தப் பாதுகாப்பைத் திறந்துவிட்டது. பிரிட்டன் உள்ளே இருந்திருந்தால் ஒரு விண்ணப்பம் இரு இடத்துக்கும் போதியிருக்கும். இப்போது ஐரோப்பாவில் ஒரு வழி, பிரிட்டனில் வணிகக்குறிச் சட்டத்தின் வழி வேறு.

சில இடங்களில் விலகிய நாடு தனி விதி செய்ய முயன்று பின்வாங்கவும் செய்யும். தனக்கென ஒரு தர முத்திரையைக் கட்டாயமாக்கப்போவதாக அறிவித்த பிரிட்டன், கெடுவைப் பலமுறை நீட்டித்து, இறுதியில் பல வகைப் பொருள்களுக்கு ஐரோப்பிய முத்திரையையே தொடர்ந்து ஏற்பதாக 2023இல் அறிவித்தது. ஆகவே அறிவிப்பு வந்தவுடன் செலவு செய்து முத்திரை மாற்றாமல், சட்டம் நடைமுறைக்கு வரும்வரை பொறுப்பது சிறு உற்பத்தியாளருக்கு நல்லது. பலகாரம் அனுப்புகிறவர் ஒன்றை மட்டும் தனியே குறித்துக்கொள்ளட்டும்: நெய்யோ பாலோ சேர்ந்த பண்டத்துக்குக் கால்நடைப் பொருள்களுக்கான சான்றிதழ் விதிகள் குறுக்கிடும், எண்ணெயில் சுட்டதற்கு அவை பொருந்தா. இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து அனுப்பினால், ஒன்றுக்காக எல்லாம் நிற்கும்.

நாணயம்

நாணய மதிப்பு, சட்டம் மாறும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. வாக்கெடுப்பு முடிவு வெளியான 2016 ஜூன் 24 அன்று டாலருக்கு எதிராகப் பவுண்டு ஒரே நாளில் ஏறத்தாழ 8% வீழ்ந்து, 1985க்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியது. தீர்வை எதுவும் மாற அப்போது இன்னும் நான்கரை ஆண்டுகள் இருந்தன. பவுண்டில் விலை பேசியிருந்தவருக்கு அன்றே இழப்பு: 5,000 பவுண்டு வர வேண்டியவருக்கு, ஒரு பவுண்டு ரூ.100இலிருந்து ரூ.92 ஆனால் ரூ.40,000 குறைகிறது. டாலரில் பேசியிருந்தவர் தப்பினார். ஆனால் வாங்குகிறவர் அடுத்த முறை விலையைக் குறைக்கச் சொல்லியிருப்பார். யார் தலையில் விழும் என்பது ஒப்பந்தத்தில் எழுதிய நாணயத்தைப் பொறுத்தது.

நாணயம் இறங்கினால் அந்நாட்டு ஏற்றுமதி பெருகும் என்பது பாடநூல் கூற்று. அதில் உண்மை உண்டு. ஆனால் இறக்குமதி விலையும் ஏறும். பிரிட்டனில் நுகர்வோர் விலை உயர்வு 2016 ஜூனில் 0.5 சதவீதமாக இருந்தது, 2017 நவம்பரில் 3.1 சதவீதமானது. அங்குள்ள குடும்பங்களின் வாங்கும் சக்தி குறைந்தால், அவர்கள் முதலில் தள்ளிப்போடுவது வீட்டுக்கு நம் டைல் பதிப்பதைத்தான், அரிசி பருப்பை அல்ல.

நாட்டின் மொத்த இழப்பை மதிப்பிடுவது

இங்கேதான் பெரும்பாலான வாதங்கள் வழுக்குகின்றன. சென்ற ஆண்டோடு இந்த ஆண்டை ஒப்பிடுவது விலகலின் விளைவைக் காட்டாது. விலகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான பிரிட்டனின் சரக்கு ஏற்றுமதி முந்தைய மாதத்தை விட 40.7% வீழ்ந்தது என்று அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் கணக்கிட்டது. அதைக் கண்டு பேரழிவு என்றவர்களும் உண்டு. ஆனால் முந்தைய ஆண்டு இறுதியில் எல்லாரும் முன்கூட்டியே சரக்கு வாங்கிக் குவித்திருந்தனர். பெருந்தொற்று ஊரடங்கும் அப்போது நடந்தது. பின்வந்த மாதங்களில் ஏற்றுமதி ஓரளவு மீண்டது. ஒரு மாத எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது, எந்தப் பக்கத்து முடிவாயினும்.

பொருளியலாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2016க்கு முன் பிரிட்டனைப் போலவே வளர்ந்துவந்த பல நாடுகளைத் தக்க விகிதத்தில் கலந்து, விலகாத ஒரு பிரிட்டனைக் கணக்கில் உருவாக்கி, அதோடு உண்மையான பிரிட்டனை ஒப்பிடுவது. பெருந்தொற்று எல்லா நாடுகளையும் தாக்கியதால், அதன் விளைவு இரு பக்கமும் ஓரளவு கழிந்துவிடும். பிரிட்டன் அரசின் நிதிக் கணக்கைத் தன்னிச்சையாக ஆராயும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம், வேறு ஆய்வுகளையும் வைத்து, நீண்ட காலத்தில் நாட்டின் ஏற்றுமதி இறக்குமதி, விலகாதிருந்தால் இருந்திருக்கும் அளவை விட 15% குறையும் என்றும், உற்பத்தித் திறன் 4% குறையும் என்றும் மதிப்பிட்டுவருகிறது. இதற்கு எதிரே, ஒன்றியத்துக்குக் கட்டிவந்த நிகரச் சந்தா மிச்சமாயிற்று. அது நாட்டின் மொத்த உற்பத்தியில் அரை சதவீதத்துக்கும் குறைவு. விலகலின் வரவுப் பக்கத்தில் சந்தாவையும், பற்றுப் பக்கத்தில் வணிக இழப்பையும் எழுதினால் எது பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. 4% என்பது ஓர் ஆண்டில் விழும் வீழ்ச்சியன்று, பதினைந்து ஆண்டுகளில் மெதுவாகச் சேரும் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மெதுவாக வருவதால்தான் அது தெருவில் தெரிவதில்லை.

இதே முறையை நம் பேரேட்டிலும் செய்யலாம். பிரிட்டனுக்கு நீங்கள் அனுப்பியது 40 பெட்டியிலிருந்து 30 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், 25% வீழ்ச்சி. அதே ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவுக்கு 40இலிருந்து 34 ஆகியிருந்தால் அது 15%. 2021இல் கப்பல் கூலி பன்மடங்கு ஏறியதும் ஊரடங்கும் இரண்டிலும் பொதுவானவை. ஆகவே விலகலோடு தொடர்புடையது என்று ஐயுறத்தக்கது மீதமுள்ள 10 சதவீதப் புள்ளிகளே. ஆனால் 2023 இறுதியிலிருந்து செங்கடல் வழி ஆபத்தானதால் ஐரோப்பாவுக்கான கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப்போயின. அந்தக் காலத்துக்கு ஆஸ்திரேலியா சரியான ஒப்பீடாகாது, ஜெர்மனியே சரி. ஒப்பிடும் நாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் உழைப்பு வேண்டும்.

பர்மாக் கணக்கிலும் இந்தக் கவனம் தேவைப்படுகிறது. கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6% நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது ஏறத்தாழ 25% ஆயிற்று. நடுவில் 1937 பிரிவினை நிற்பதால் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும். உண்மையில் உலகப் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, உழவர்கள் கடனைத் திருப்ப முடியாமற்போய், ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவரிடம் வந்து சேர்ந்தது. ரொக்கம் கேட்ட இடத்தில் நிலம் கிடைத்தது. அதை விற்றுப் பணமாக்க ஆள் இல்லை. பிறகு அந்தச் சொத்தை விழுங்கியவை 1942இல் வந்த ஜப்பானியப் படையெடுப்பும் 1948ஆம் ஆண்டுச் சட்டமும். எல்லை பிரிந்தது இவற்றுக்கெல்லாம் தளம் அமைத்தது என்று சொல்லலாம். அதுவே காரணம் என்று சொல்ல முடியாது. நம் முன்னோர் இழந்ததைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காப்பது அவர்களுக்கு நாம் செய்யும் கடமை.

விலகல் எல்லாமே நட்டத்தில் முடியும் என்ற விதியும் இல்லை. 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்த சிங்கப்பூர், எதிர்பார்த்த பொதுச் சந்தையை இழந்தது. அதற்கு மாற்றாக உலகச் சந்தையை நோக்கித் தொழில்களை அமைத்துக்கொண்டது. ஆனால் பிரிந்த பிறகு காலப்போக்கில் தடைகளைக் குறைத்துக்கொண்ட துறைமுக நகரம் அது. விலகியதால் அண்டை நாடுகளோடு தடைகளைக் கூட்டிக்கொண்ட நாட்டுக்கு அதை உவமை காட்டுவது பொருந்தாது.

நமக்குத் திறக்கும் வாசல்

விலகிய நாடு தன் பழைய கூட்டாளிகளிடம் வாங்குவது கடினமானால், தொலைவில் உள்ளவர்களை நாடும். தனியே ஒப்பந்தம் பேசும் உரிமையும் அதற்குக் கிடைத்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு இந்தியா 2007இல் தொடங்கிய பேச்சு 2013இல் நின்று 2022இல்தான் மீண்டது. பிரிட்டனோடு 2022 ஜனவரியில் தொடங்கிய பேச்சு முடிந்து, 2025 ஜூலை 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தன் தீர்வை அட்டவணையின் வரிசைகளில் 99 சதவீதத்தில் இந்தியப் பொருள்களுக்குத் தீர்வை விலக்கு அளிக்கப் பிரிட்டன் இசைந்திருக்கிறது. ஆடைக்கு இருந்த 12 சதவீதச் சுவரும் அதில் அடங்கும்.

ஆனால் இந்தச் சலுகை தானாக வந்து சேராது. பொருள் இந்தியாவில் தோன்றியது என்று மெய்ப்பிக்க வேண்டும். ஆத்தங்குடி டைலுக்கு மணலும் சிமென்டும் உள்நாட்டவை. வண்ணப் பொடி எங்கிருந்து வருகிறது என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். சேலைக்கு நூலும் சரிகையும் வாங்கிய ரசீதுகளைக் கோப்பில் சேருங்கள். ஒப்பந்தம் எந்த நாள் முதல் நம் சரக்குக்குச் செல்லும், சான்றிதழ் எந்த வடிவில் வேண்டும் என்பதை வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் அறிவிக்கையில் பார்த்த பின்னரே விலைப்பட்டியல் அனுப்புங்கள். இந்த விலக்கும் பிரிட்டன் எல்லை வரைதான்; அங்கிருந்து டப்ளின் போகும் பாதிக்கு மேலே போட்ட கணக்கு அப்படியே நிற்கும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

எண்ணிப் பார்த்தது தாளில் இறங்க வேண்டும். எஃப்.ஓ.பி. முறையில் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேற்றுவதோடு உங்கள் பொறுப்பு முடிகிறது. எல்லையில் எது மாறினாலும் வாங்குகிறவர் பாடு. டி.டி.பி. முறையில் வாசல் வரை தீர்வை கட்டிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால், அந்நாட்டு நாடாளுமன்றம் எடுக்கும் முடிவு நேரே உங்கள் முதலைத் தொடும். விலகல் பேச்சு நடந்துகொண்டிருக்கும் நாட்டுக்கு டி.டி.பி. முறையில் ஓராண்டுக்கு மேற்பட்ட விலை உறுதி கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான பரிந்துரை. கொடுத்தே ஆக வேண்டுமானால், தீர்வையோ சுங்க நடைமுறைச் செலவோ ஒப்பந்த நாளுக்குப் பின் கூடினால் கூடுதலை வாங்குகிறவர் ஏற்பார் என்ற ஒரு வரியையும், விலை எந்த நாணயத்தில், எந்த நாள் மாற்று விகிதத்தில் என்ற ஒரு வரியையும், சரக்கு எந்த நாட்டில் இறுதியாக விற்கப்படும் என்ற ஒரு வரியையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை; லண்டன் கிட்டங்கியிலிருந்து டப்ளின் போகும் பாதிக்கு இரண்டாம் தீர்வையை யார் கட்டுவது என்ற தகராறு அந்த வரி இல்லாத இடத்தில்தான் எழுகிறது.